பாறை என்று எழுதப்பட்ட வீடு

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரை இப்போது சம்பளப் பட்டியலும் கணவனும் மட்டுமே பயன்படுத்துகிறார்கள். கணவன்கூடக் கோபம் வந்தால்தான். மற்ற எல்லோருக்கும் அவள் இல்லையம்மா. காலை முதல் பேருந்தில் ஏறினால் நடத்துநர், "இல்லையம்மாவுக்கு எடம் விடுங்கப்பா, அப்புறம் உங்களையும் இல்லைன்னு எழுதிடுவாங்க" என்பார். பேருந்து சிரிக்கும். அவளும் சிரிப்பாள்.

வேலை அப்படிப்பட்டது. மண் களைத்துவிட்டது, சில வருஷம் ஓய்வெடுக்கட்டும் என்று அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. உழாமல், விதைக்காமல், ஆடு மாடு விடாமல் நிலத்தை வெறுமனே போட்டு வைத்தால் நிலத்துக்காரருக்கு ஏக்கர் கணக்கில் மானியம். உழைத்தால் கிடைக்காத காசு உழைக்காமல் இருந்தால் கிடைக்கும் என்றபோது யார்தான் வேண்டாம் என்பார்கள்? இரண்டே வருஷத்தில் வட்டாரத்து நிலத்தில் முக்கால்வாசி தரிசாகிவிட்டது. நிலம் ஓய்வெடுத்தது. அதில் குத்தகைக்கு உழுதவனும் கூலிக்குக் களை பறித்தவளும்கூட ஓய்வெடுத்தார்கள். அவர்கள் ஓய்வுக்கு மட்டும் யாரும் காசு கொடுக்கவில்லை.

நிலம் நிஜமாகவே வெறுமனே கிடக்கிறதா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டுமே. அந்த ஆள்தான் இவள். ஒப்பந்த வேலை. முன்னூற்றுச் சொச்சம் நிலங்களை வருஷத்துக்கு இரண்டு முறை பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம். பயிர் உண்டா? இல்லை. கால்நடை உண்டா? இல்லை. கிணற்றில் நீர் இறைக்கப்படுகிறதா? இல்லை. குடியிருப்பு உண்டா? இல்லை. பதினோரு வருஷமாக இல்லை, இல்லை என்று எழுதி எழுதி அவள் கையெழுத்தில் அந்தச் சொல் மட்டும் முத்துப் போல விழும். மற்றதெல்லாம் கோழிக் கிறுக்கல்.

அவள் கணவர் பம்ப் மோட்டார் மெக்கானிக். நிலமெல்லாம் தரிசானதும் மோட்டார்கள் நின்றன. மனிதர் இப்போது மின்விசிறிக்கும் மிக்சிக்கும் செப்புக் கம்பிக் காயில் கட்டிக்கொண்டிருந்தார். "அரசாங்கத்தோட சாமர்த்தியத்தப் பாரு. பொண்டாட்டிக்குச் சம்பளம் குடுத்துப் புருஷன் பொழப்புல மண்ணப் போடுது. குடும்பத்துக்கு மொத்தத்துல சைபர்" என்பார். அது முழுப் பொய்யும் இல்லை. மகள் வெளியூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அந்தச் செலவு இவள் சம்பளத்தில்தான் ஓடியது.

பம்ப் சத்தம் நின்றுபோன ஒரு வட்டாரம் எப்படி இருக்கும் என்பதைப் பேருந்தை விட்டு இறங்கி நடந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பட்டப்பகலில், சூரியன் தலைக்கு மேலே நிற்கையில், காதில் நம்முடைய செருப்புச் சத்தம் மட்டும் கேட்கும். நின்றால் அதுவும் நின்றுவிடும். தானியம் இல்லாததால் குருவி இல்லை. குருவி இல்லாததால் அதை விரட்டும் குரல் இல்லை. வரப்புகள் மட்டும் ஒழுங்காகக் கிடக்கும், ஆள் படுத்து எழுந்துபோன பிறகு கசங்காமல் கிடக்கும் பாயைப் போல. முதல் வருஷம் இல்லையம்மாவுக்குப் பயமாக இருந்தது. தனக்குத்தானே ஏதாவது பேசிக்கொண்டே நடப்பாள். பிறகு பழகிவிட்டது. பழகிவிட்டது என்பதுதான் இந்தக் கதையில் பயப்பட வேண்டிய விஷயம்.

படம் எடுக்க ஒரு முறை இருந்தது. நிலத்தின் நடுவில், இருப்பதிலேயே உயரமான இடத்தில் நிற்க வேண்டும். கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று நான்கு படம். அலுவலகம் கொடுத்த கருவியில் தேதியும் நேரமும் படத்திலேயே விழும். எடுத்த கணமே அது தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும். அழிக்க முடியாது, திருத்த முடியாது. படிவத்தின் தலையில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள்: படத்தில் தெரிவதை மட்டும் எழுதவும்.

மேற்குச் சாலையோரம் பதினெட்டு ஏக்கரில் ஒரு நிலம் இருந்தது. முதல் தடவை அங்கே போனபோதே சிக்கல். நிலத்தின் நட்டநடுவில் ஒரு வீடு. ஒற்றை அறை, சமையல் மூலை, தட்டையான காரை மாடி, பக்கவாட்டில் இரும்பு ஏணி. அதில் ஒரு குத்தகைக்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். இருபது வருஷமாக அந்த நிலத்தை உழுதவர்கள். நிலத்துக்காரர் நகரத்தில் இருந்தார். நிலத்தைத் திட்டத்தில் சேர்த்ததும் உழவு நின்றது. இவர்கள் எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே இருந்தார்கள். அவர் தினமும் ஆறு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்துச் செங்கல் சூளைக்குப் போய்வந்தார்.

"எங்கம்மா நிக்கணும் உனக்கு?" என்று வீட்டுக்காரி கேட்டாள்.

"நடுவுல நிக்கணும்க்கா. உயரமான எடமா பாத்து."

"நடுவுல எங்க வீடுதான் இருக்கு. உயரமும் அதான். ஏறிக்கோ."

ஏறினாள். அன்று கருவியின் கண்ணாடித் திரையில் வெயில் பட்டு ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்காரி கீழேபோய்க் குடை எடுத்து வந்து அவள் தலைக்கு மேல் பிடித்தாள். குத்தகைக்காரரும் ஏறி வந்து கையை நீட்டி எல்லை காட்டினார். "அந்த மொட்டக் கல்லு தெரியுதா? அதுவரைக்கும் நம்மது." நம்மது என்றுதான் சொன்னார். வீட்டுக்காரி, "ஆமா, பத்திரம் பொட்டியில இருக்கு, எடுத்துக் காட்டட்டுமா?" என்று இடித்தாள். அவர் சிரித்தார், கையை மட்டும் இறக்கவில்லை.

நான்கு படத்திலும் வெறும் நிலம். வீடு எப்படி விழும்? அவள்தான் அதன் மேலே நிற்கிறாளே.

அன்றைக்கு இருந்த அதிகாரியிடம் கேட்டாள். "சார், அங்க ஒரு வீடு இருக்கு."

"படத்துல தெரியுதா?"

"நான் வீட்டு மேல நின்னுல்ல சார் எடுத்தேன்."

"தெரியலைல்ல? அப்ப இல்ல."

அவள் இல்லை என்று எழுதினாள். அப்படி எழுதியதில் அந்தப் புருஷன் பெண்டாட்டிக்கும் வருத்தமில்லை என்பதுதான் கொடுமை. நிலத்துக்காரர் ஆள் விட்டு அவர்களுக்குச் சொல்லியிருந்தார்: வீடு காகிதத்தில் ஏறினால் நிலம் திட்டத்தில் நிற்காது, நிற்காவிட்டால் விற்றுவிடுவேன், வாங்குகிறவன் உங்களை வைத்துக்கொள்வானா? மூச்சுக் காட்டாமல் இருங்கள், இருக்கலாம். ஆகவே அவர்கள் மூச்சுக் காட்டாமல் இருந்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இல்லையம்மா வந்தால் ஏணியைத் துடைத்து வைத்தார்கள், குடை பிடித்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். தங்களை இல்லை என்று எழுதுகிறவளுக்குக் கை நடுங்காமல் நிழல் பிடித்தார்கள். உயிரோடு இருக்கிறவர்கள் ஒளிந்து வாழப் பழகியதைப் போல ஒரு பயங்கரம் எந்தப் பேய்க்கதையிலும் கிடையாது.

நாலாவது வருஷம் குத்தகைக்காரர் சூளையில் மாரடைத்துச் செத்தார். அந்த வருஷத்துப் படிவத்திலும் குடியிருப்பு இல்லை. இல்லாத வீட்டிலிருந்து ஒரு பிணம் போனதை எங்கே எழுதுவது?

இதற்கிடையில் தலைமை அலுவலகம் வானத்திலிருந்து படம் எடுக்கத் தொடங்கியது. மேலிருந்து பார்த்தால் வீட்டின் தட்டைக் கூரை மழையிலும் வெயிலிலும் கறுத்துப்போய்ச் சாம்பல் கட்டி மாதிரித் தெரிந்தது. ஊர் பேர் தெரியாத யாரோ ஓர் ஆள் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து, கீழே உள்ள படிவத்தைப் பார்த்தான். குடியிருப்பு இல்லை. பிறகு இந்தச் சாம்பல் நிறச் சதுரம் என்ன? பாறை: ஒன்று என்று குறித்தான்.

அதோடு போயிருந்தால் சரி. சில படங்களில் அந்தப் பாறைமேல் மெல்லிய புகை தெரிந்தது. வட்டார அலுவலகத்தில் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத் தட்டச்சர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "அது மனுஷ நடமாட்டமே இல்லாத எடம்ல? பொகை எப்படி வரும்?" மறுநாளே கதைக்குக் கை கால் முளைத்தது. அங்கே யாரையோ எரித்திருக்கிறார்கள், அது இன்னும் அணையவில்லை. நண்பகலில் பாறை மூச்சு விடுகிறது. அந்தச் சாலையில் வண்டியை நிறுத்தக் கூடாது. கிராமத்தில் ஒருத்தருக்கும் அந்தப் பயம் இல்லை. அது ஒரு பெண்பிள்ளை சமைக்கிற புகை என்று மாடு மேய்ப்பவனுக்கும் தெரியும். படித்துப் பட்டம் வாங்கி விசிறிக்கடியில் உட்கார்ந்தவர்கள்தான் பயந்தார்கள். மூடநம்பிக்கை படிப்பில்லாத இடத்தில்தான் பிறக்கும் என்று யார் சொன்னது? நன்றாக அச்சிட்ட படிவத்திலும் பிறக்கும்.

இல்லையம்மா அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் வாயைத் திறக்க நினைப்பாள். மகளின் கல்லூரிக் கட்டணம் நினைவுக்கு வரும். வாய் மூடிக்கொள்ளும்.

பதினோராம் வருஷத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அதிகாரி அவளைக் கூப்பிட்டார். இவர் புதியவர். நல்ல சட்டை, மெதுவான பேச்சு, யாரையும் திட்ட மாட்டார். மேசைமேல் ஒரு கோப்பு திறந்திருந்தது.

"உக்காரும்மா. மேற்குச் சாலைப் பதினெட்டு ஏக்கர். நிலத்துக்காரர் மனு போட்டிருக்கார். பாறை இருக்கிற பரப்புக்கு மானியம் கழிக்கிறோம்ல? அதனால பாறைய வெடி வெச்சு எடுத்துடறேங்கறார். சட்டப்படி சரிதான். அடுத்த மாசம் வெடிக்காரங்க வருவாங்க. ஆள் நடமாட்டம் இல்லாத எடம்னு நீ ஒரு கையெழுத்து, நான் ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்."

அவள் நாற்காலி விளிம்புக்கு நகர்ந்தாள். "சார், அது பாறை இல்ல."

"அப்புறம்?"

"வீடு சார். உள்ள ஆள் இருக்கு."

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். கோபப்படவில்லை. கோப்பிலிருந்து படிவங்களை ஒவ்வொன்றாக எடுத்து, சீட்டு பரப்புவதைப் போல மேசையில் பரப்பினார். இருபத்திரண்டு. எல்லாவற்றிலும் அவள் கையெழுத்து.

"இதெல்லாம் யாரும்மா எழுதினது?"

"நான்தான் சார்."

"இருபத்திரண்டு தடவை இல்லைன்னு எழுதின நீ, இப்ப இருக்குங்கற. எத நான் நம்பறது? வீடு இருக்குன்னா நிலத்துக்காரர் வாங்கின மானியம் எல்லாம் தப்பு. கையெழுத்துப் போட்ட அதிகாரிங்க மூணு பேரும் தப்பு. நீ பொய்ச் சான்று குடுத்தவ. இத்தன பேரத் தப்பாக்கறதுக்கு ஒரு பொம்பள வேற எடத்துக்குக் குடி போறது சுலபம் இல்லையா? நாகரிகமாச் சொல்லி அனுப்பிச்சுடு."

"அவங்களுக்குப் போக எடமில்ல சார்."

"நீ போடலைன்னா பக்கத்து வட்டாரத்து ஆள் போடுவான். அவன் இந்தச் சாலைப் பக்கமே வந்ததில்ல. யோசிச்சுட்டு வா. கோப்ப எடுத்துட்டுப் போயேன், நீயே ஒரு தடவை பாரு."

மாலை ஆறு மணிக்கு வீட்டுத் தரையில் படங்களைப் பரப்பினாள். கணவர் ஒரு பழைய விசிறியின் வயிற்றைக் கிழித்துப்போட்டு உட்கார்ந்திருந்தவர், கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"எல்லாம் ஒரே படமாட்டம் இருக்கு. இதுக்கா உனக்குச் சம்பளம்?"

"பேசாம இருங்க. வீடு எதுலயாவது விழுந்திருக்கான்னு பாக்கறேன்."

கிழக்கில் இல்லை. வடக்கில் இல்லை, தெற்கில் இல்லை. கடைசியாக மேற்குப் படங்களை மட்டும் தனியே பிரித்து வரிசையாக வைத்தாள். அவரும் குனிந்தார்.

"இவளே," என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது. "இது என்னது, தரையில?"

அவள் எப்போதும் முதல் பேருந்தில் போகிறவள். காலை எட்டரைக்குச் சூரியன் கிழக்கே முதுகுப்பக்கம் நிற்கும். மேற்குப் படம் ஒவ்வொன்றிலும் வெறும் மண்ணின்மேல் ஒரு கறுப்புக் கட்டம் நீளமாக விழுந்திருந்தது. நேர்விளிம்பு, சதுர மூலை. எந்தப் பாறைக்கும் அப்படி மூலை கிடையாது. அந்தக் கட்டத்தின் தலையில் மூன்று உருவங்கள் நின்றன. ஒன்று குனிந்து கையில் எதையோ பிடித்திருந்தது. அது அவள். இன்னொன்று குடையோடு. மூன்றாவது உருவம் ஒரு கையை நீட்டிக்கொண்டிருந்தது. முதல் படத்தில் நீட்டிய கை, இரண்டாவதிலும், மூன்றாவதிலும் அப்படியே. எட்டாவது படத்தில் கை இல்லை. அதற்குப் பிறகு இரண்டே உருவங்கள்.

இருபத்திரண்டு தடவையும் அது திரைக்குள் இருந்தது. இருபத்திரண்டு தடவையும் அவள் அதைப் பார்த்துக்கொண்டேதான் இல்லை என்று எழுதியிருக்கிறாள். அவளுக்கு முழங்கையிலிருந்து தோள்வரை மயிர்க்கூச்செறிந்தது. செத்தவர் வந்து நின்றதற்காக அல்ல. செத்தவர் எங்கும் வரவில்லை. வெயில் விழுந்தால் நிழல் விழும், அவ்வளவுதான். உயிரோடு பக்கத்தில் நின்ற மூன்று பேரில் ஒருவரையும் தன் கண் பார்க்கவில்லையே, தன்னைக்கூடப் பார்க்கவில்லையே என்றுதான்.

"ஏங்க, இதக் காட்டினா போதும்ல?"

"எங்கிட்டக் காட்டினா போதும். நான் மோட்டார் மெக்கானிக். அவரு அதிகாரி."

அவர் சொன்னதுதான் நடந்தது. மறுநாள் அதிகாரி படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "நிழலுக்குப் படிவத்துல கட்டம் இல்லையேம்மா" என்றார். பிறகு, "சரி, நாளைக்கு நானே வர்றேன். நேர்ல பாத்துட்டா ஒரு பேச்சும் இருக்காது" என்றார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நேரில் வந்தால் வீடு தெரியாமல் போகுமா?

அலுவலக ஜீப் வந்து நிற்கும்போது மணி பன்னிரண்டு. அவ்வளவு நேரம் ஏன் ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை. வீட்டின் நிழல் வீட்டுக்கு அடியிலேயே சுருண்டு கிடந்தது. காற்று இல்லை. ஜீப் நின்ற பிறகு அந்தப் பதினெட்டு ஏக்கரிலும் ஒரு சத்தம் இல்லை. அடுப்புப் புகை மட்டும் நூல் மாதிரி நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. ஓட்டுநர் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

வீட்டுக்காரி வாசலில் நின்றாள். கொடியில் அவளுடைய இரண்டு புடவை காய்ந்தது. அதிகாரி செருப்பைக் கழற்றாமல் புடவைகளை ஒதுக்கிக்கொண்டு ஏணிக்குப் போனார்.

"பாத்து ஏறுங்க சார், மூணாவது படி ஆடும்" என்றாள் வீட்டுக்காரி.

"நன்றிம்மா" என்றார் அவர்.

மேலே போய் நடுவில் நின்றார். இல்லையம்மா பின்னால் ஏறினாள். வீட்டுக்காரி சொம்பும் டம்ளரும் குடையுமாக வந்தாள். அதிகாரி தண்ணீரை வாங்கி அண்ணாந்து குடித்தார். நல்ல தண்ணீர் என்றார். வீட்டுக்காரி பழக்கத்தில் குடையை விரித்து அவர் தலைக்கு மேல் பிடித்தாள். அவர் கருவியை இல்லையம்மாவிடமிருந்து வாங்கி நான்கு பக்கமும் நான்கு படம் எடுத்தார். மேற்குப் படத்தை அவளிடம் நீட்டினார். வெறும் மண். ஒரு கறுப்பும் இல்லை.

"பாத்தியா? ஒண்ணுமில்ல."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்லும்போது மனிதர்கள் முகத்தில் ஏதாவது ஒன்று மாறும். இந்த முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கையில் டம்ளர் இருந்தது. டம்ளர் கொடுத்தவள் ஒரு முழ தூரத்தில் நின்றாள். அவர் மெய்யாகவே ஒன்றுமில்லை என்று நம்புவதைப் போல இருந்தது. வீட்டுக்காரி ஒரு கணம், ஒரே கணம், தன் கையைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டதை அவள் கண்டாள்.

பிறகு வீட்டுக்காரி வாயைத் திறந்தாள். "ஏன் சார், ஒண்ணுமில்லாததுதான் உங்களுக்குக் கொட பிடிக்குதா? கை வலிக்குது, ஒண்ணுமில்லாதது கீழ எறங்கட்டுமா?"

"கோவிச்சுக்காதீங்கம்மா. படத்துல இருக்கறதத்தான் நாங்க எழுத முடியும்" என்றார் அதிகாரி, ரொம்ப மரியாதையாக. "இன்னும் கொஞ்ச நேரம் பிடிங்க, கையெழுத்துப் போட்டுடறேன். வெயில்ல காகிதம் கண்ணக் கூசுது." கருவியை இல்லையம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, கோப்பை முன்கையில் வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

இல்லையம்மா ஏணியில் இறங்கினாள். மூன்றாவது படி ஆடியது. வாசலைத் தாண்டி, துணிக்கொடியைத் தாண்டி, தரிசு மண்ணில் மேற்கே நடந்தாள். பதினோரு வருஷத்தில் அந்த நிலத்தில் அவள் நடுவை விட்டு நகர்ந்ததே இல்லை. பாதையிலிருந்து நேரே ஏணி, ஏணியிலிருந்து நேரே பாதை. காலுக்கடியில் மண் ஓடு மாதிரி நொறுங்கியது. நாற்பது அடி எண்ணினாள். திரும்பினால் அங்கே நிஜமாகவே பாறைதான் இருக்குமோ என்று ஒரு நினைப்பு வந்தது. இருபத்திரண்டு தடவை எழுதியது கடைசியில் பலித்துவிட்டிருக்குமோ. சீ, என்ன புத்தி இது என்று தன்னையே வைதுகொண்டு திரும்பினாள்.

வீடு இருந்தது. கதவு, ஒரு ஜன்னல், ஜன்னலில் வைத்த எண்ணெய்ப் புட்டி, கொடியில் புடவை, கூரைமேல் ஓர் அரசாங்க அதிகாரி, அவருக்குக் குடை பிடிக்கும் ஒரு பெண். அவள் கருவியை உயர்த்தினாள்.

"என்னம்மா பண்ற அங்க?" என்று கூரையிலிருந்து அதிகாரி கத்தினார். முதல் முறையாக அவர் குரல் உயர்ந்தது. "அது நடு இல்ல! அங்க நின்னு எடுக்கக் கூடாது!"

"தெரியும் சார்" என்றாள். எடுத்தாள். தேதி விழுந்தது, நேரம் விழுந்தது, படம் போய்விட்டது. படிவத்தில் குடியிருப்பு என்ற கட்டத்தில் முதல் முறையாக உண்டு என்று எழுதினாள். அந்தச் சொல் கையில் வரவே இல்லை. கோணலாக விழுந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆள் நடமாட்டம் இல்லை என்று சான்றளித்த அதே மணியில் அதே பாறையின்மேல் ஓர் அதிகாரி குடை நிழலில் நிற்கும் படம் தலைமை அலுவலகத்தில் எல்லோர் மேசைக்கும் போய்வந்தது. வெடி அனுமதி ரத்தானது. பாறை ஒன்று என்பதை அடித்துக் குடியிருப்பு ஒன்று, ஆள் ஒன்று என்று எழுதினார்கள். நிலம் திட்டத்திலிருந்து வெளியே போனது. நிலத்துக்காரர் வழக்குப் போட்டிருக்கிறார். வழக்கு முடிகிறவரை வீட்டை யாரும் தொட முடியாது. நம் வழக்குகள் எப்போது முடியும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதிகாரியை இதைவிட நல்ல இடத்துக்கு மாற்றினார்கள். இருபத்திரண்டு பொய்ச் சான்று கொடுத்த குற்றத்துக்காக இல்லையம்மாவின் ஒப்பந்தத்தை நிறுத்தினார்கள். ஒட்டுமொத்த விஷயத்திலும் தண்டனை பெற்றவள் உண்மை சொன்னவள் ஒருத்திதான். ஆனால் அவள் அதற்கு வாதாடப் போகவில்லை. "அவங்க சொல்றதும் நெசந்தானே, நான்தானே எழுதினேன்" என்றாள். மகள் தொலைபேசியில் அழுதாள், பிறகு பகுதிநேர வேலை ஒன்று பார்த்துக்கொண்டாள்.

கணவர் தன் ஸ்பானர் பைக்கட்டைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டுக்காரியின் கிணற்று மோட்டாரைப் பிரித்து, துருவைச் சுரண்டி, காயில் கட்டி ஓட விட்டார். பதினோரு வருஷத்துக்குப் பிறகு அந்த வெளியில் மோட்டார் ஓடிய சத்தம் கேட்டுச் சாலையில் போன பேருந்தே மௌனமாகிவிட்டதாம். "பேய் கத்துதுன்னு ஒருத்தன் ஜன்னல மூடிட்டான்" என்று நடத்துநர் வந்து சொல்லிச் சிரித்தார். இல்லையம்மா சிரிக்காததைப் பார்த்து அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

இல்லையம்மாவுக்கு மட்டும் தூக்கம் பிடிக்கவில்லை. கண்ணை மூடினால் பட்டியல் ஓடியது. முன்னூற்றுச் சொச்சம் நிலம். எதிலெல்லாம் எதன்மேல் நின்றோம்? மேட்டின்மேல், கிணற்றுச் சுவர்மேல், பம்ப் அறைகளின் கூரைமேல். பம்ப் அறைகள் எத்தனை? நாற்பதா, ஐம்பதா? எல்லாவற்றிலும் பாதைப் பக்கமாக ஏறிப் பாதைப் பக்கமாகவே இறங்கியிருக்கிறாள். கதவு எந்தப் பக்கம் இருந்தது? ஒன்றுகூட நினைவில் இல்லை.

வேலை போன மூன்றாவது திங்கட்கிழமை முதல் பேருந்தில் ஏறினாள். கையில் கருவி இல்லை, படிவம் இல்லை. நடத்துநர் காசு கேட்காமல், "எங்க, இல்லையம்மா?" என்றார். பட்டியலில் முதல் நிலத்தின் பெயரைச் சொன்னாள்.

அந்தப் பம்ப் அறை பாதையோரத்திலிருந்து இருநூறு அடி உள்ளே நின்றது. கதவில்லாத மொட்டைச் சுவர்தான் அவளைப் பார்த்தது. பதினோரு வருஷமாக அவள் அறிந்த சுவர். ஏறுவதற்கு வைத்த கற்கள்கூட அப்படியே இருந்தன. அவள் ஏறவில்லை. சுவரைக் கையால் தடவிக்கொண்டே சுற்றி நடந்தாள். முதல் மூலை திரும்பினாள். இரண்டாவது மூலையில் காய்ந்த சோப்பு வாசனை வந்தது. நின்றாள். தரையில் சின்னதாக ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. கொடியில் குழந்தைச் சட்டைகள் மூன்று, அளவு வாரியாக. திறந்த கதவுக்கு உள்ளே இருட்டு. இருட்டுக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் குரல், கோபமும் இல்லாமல் ஆச்சரியமும் இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்பதைப் போலக் கேட்டது:

"இத்தன வருஷமா மேல நடக்கிற சத்தம் நீதானா?"